நான் கான்சல் பண்ணாத கார்

தம்பி,

நேற்று நீ அனுப்பிய செய்திகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது பதில் எழுதுகிறேன். ஓம், உயிரோடு இருக்கிறேன். ஓம், சாப்பிட்டேன், மருந்துக் குளிசையும் போட்டேன். கார் நல்லபடி இருக்கிறது. இடது பக்கக் கண்ணாடியில் மட்டும் ஒரு சின்ன உரசல், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இங்கிலாந்தின் மேற்கு எல்லையில், வேல்ஸ் மலைகள் தூரத்தில் நீலமாகத் தெரிகிற ஒரு சின்ன ஊரில், நாங்கள் தங்கியிருக்கும் வீட்டின் பின்வளவில் இருந்து இதை எழுதுகிறேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. உன் சின்னம்மா இன்னும் எழும்பவில்லை. இதையெல்லாம் ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ரெலிபோனில் நீ இடையில் புகுந்து, "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். தாளில் அது நடக்காது. கடைசி வரி வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானம் ஏறியதும் ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை. கிழக்கு லண்டனில் சின்னம்மாவின் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோதும் ஆறவில்லை. இவ்வளவு பச்சையைப் பார்த்தும், இவ்வளவு ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தும் ஆறவில்லை என்றால், அது ஆறுகிற கோபம் இல்லை, சொல்லித் தீர்க்க வேண்டிய கோபம் என்று நேற்றுத்தான் எனக்கு விளங்கியது.

இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்று நீ ஒரு தரமும் கேட்கவில்லை. "ஏன் அம்மா, அங்க என்ன இருக்கு? செம்மறியாடும் சேறும்தான்" என்றாய். சொல்கிறேன், கேள். உன் சித்தப்பா இறந்து ஒரு வருடம் ஆன பிறகு ஒருநாள் சின்னம்மா ரெலிபோன் எடுத்தாள். அவள் கலியாணம் கட்டி இங்கிலாந்துக்கு வந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நானும் அவளும் சந்தித்ததெல்லாம் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும்தான். ஒவ்வொரு தரமும் ஒரு மண்டபம், இருநூறு பேர், இரண்டு பேருக்கும் கை நிறைய வேலை. அவள் சோறு பரிமாறுவாள், நான் பிள்ளைகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவேன், போகும்போது காரடியில் நின்று கட்டிப்பிடித்து அழுவோம். கூடப் பிறந்த இரண்டு பேர் ஒரு முழு நாள் தனியாக இருந்து கதைத்தது எங்கள் வாழ்க்கையில், நாங்கள் வளர்ந்த பிறகு, ஒருநாளும் இல்லை. அன்றைக்கு அவள் சொன்னாள்: "அக்கா, நான் இந்த நாட்டைப் பாத்ததெல்லாம் மோட்டர்வேயில இருந்துதான். பேர்மிங்காம் கலியாணத்துக்கு வான் பிடிச்சுப் போகேக்க ரெண்டு பக்கமும் பச்சையாக் கிடக்கும். மடியில சீலைப் பையை வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு போவன். ஒருக்காலும் இறங்கேல்லை. ஒருக்கா இறங்கி நடக்க வேணும் போல கிடக்கு. நீ வாறியோ?"

நான் யோசிக்காமல் "வாறன்" என்றேன். ரெலிபோனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். அவ்வளவுதானே வேண்டியது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் நான் கனடாவில், மல்வேர்ன் வீட்டில், தேத்தண்ணியோடும் அவள் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் இருந்து திட்டம் போட்டோம். அந்தச் சந்தோசத்தை உனக்கு எப்படிச் சொல்வது? உன் அப்பா இருந்த காலம் முழுக்க நாங்கள் போன பயணமெல்லாம் நயாகராதான். ஐரோப்பாவில் இருந்து யார் வந்தாலும் நயாகரா. உன் அப்பா ஓட்டுவார், நான் பக்கத்தில் இருந்து புட்டுப் பெட்டியைத் திறந்து கொடுப்பேன். எந்த வழியால் போவது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று ஒருநாளும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது என் மேசையில் இங்கிலாந்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. லண்டனுக்குள் ஓட்டுவதில்லை, ரெயினில் ஒக்ஸ்போர்டுக்குப் போய் அங்கே காரை எடுப்பது என்று தீர்மானித்தேன். ஒருநாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. மழையென்றால் நிற்பது, இருட்டினால் நிற்பது. கியர் மாற்றத் தேவையில்லாத கார், அதுவும் ஆகச் சின்னது, ஏனென்றால் கிராமத்துச் சின்னத் தெருக்கள், ஒழுங்கைகள், எல்லாம் ஒடுக்கம். சின்னம்மாவின் முழங்காலுக்காக ஒவ்வொரு ஊரிலும் கீழ்த்தட்டில் அறை. பேர்போர்ட், போர்ட்டன், புரோட்வே என்று சின்னச் சின்ன ஊர்கள், எல்லாம் தேன் நிறக் கல் வீடுகள். இவற்றோடு வேல்ஸ் எல்லையில் ஓர் ஊரையும் சேர்க்கச் சொல்லிச் சின்னம்மா கேட்டாள். நான் வாங்கிய வழிகாட்டிப் புத்தகத்தில் அந்த ஊரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அங்க என்னடி இருக்கு?" என்று கேட்டேன். "போய்ப் பாப்பம் அக்கா" என்றாள். நான் பிறகு கேட்கவில்லை. கேட்ட ஊரைக் கொடுப்பதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது.

ஒரு சனிக்கிழமை நானே, யாருடைய உதவியும் இல்லாமல், காரைப் பதிவு செய்தேன். ஈமெயில் வந்தது. அதைத் திறந்து திறந்து பார்த்தேன். அடுத்த வாரம் இன்னொரு ஈமெயில் வந்தது: உங்கள் பதிவு, நீங்கள் கேட்டுக்கொண்டபடி, ரத்துச் செய்யப்பட்டது.

நான் கேட்கவில்லையே. கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒரு பிள்ளை மிகவும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இல்லை மேடம், உங்கள் கணக்கில் இருந்துதான் ரத்துச் செய்யப்பட்டிருக்கிறது, நீங்களேதான் செய்திருக்கிறீர்கள்" என்றாள். நான் செய்யவில்லை என்றேன். சில வேளை மறந்திருப்பீர்கள் என்று அவள் சொன்னாள், அன்பாகத்தான் சொன்னாள். ரெலிபோனை வைத்துவிட்டு நான் கதிரையில் இருந்தேன்.

எங்கள் கட்டிடத்தில் ஆறாம் மாடி மேரி அக்காவை உனக்குத் தெரியும். அவவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. செருப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தா. யாரோ வைத்ததாகச் சண்டை பிடித்தா. இப்போது மகளின் பெயர் தெரியாது. நான் அன்றைக்கு அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். என்னோடு படித்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெயர் வரவில்லை. அதற்காக அழுதேன், தம்பி. கார்ச் சாவியை எடுத்து லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு சின்னம்மாவுக்கு எடுத்து, "எனக்கு ஓடேலாது போல கிடக்கடி, தலை கொஞ்சம் சரியில்லை" என்றேன். அவள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி அக்கா. பரவாயில்லை. நீ உன்ர உடம்பைப் பார்" என்றாள். அந்தப் பேசாமையின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகுதான் உனக்கு எடுத்தேன். என் வயிற்றில் பிறந்தவன் என்று உனக்குத்தானே சொல்வேன்? "தம்பி, நான் அந்தக் காரை நானே கான்சல் பண்ணிப்போட்டு மறந்திட்டன் போல. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "வயசு போகப் போக அப்பிடித்தான் அம்மா. டோன்ட் வொறி. ட்ரிப்பை விடுங்கோ" என்றாய். வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஏற்றுவது என் வேலை. "அப்ப பிள்ளையளை ஏத்தவும் எனக்குப் பயமாக் கிடக்கடா" என்றேன். அதற்கு நீ ஒரு கணமும் யோசிக்கவில்லை. "உதுக்கு ஒண்டும் இல்லை அம்மா, கிட்டத்தானே" என்றாய்.

கிட்டத்தானே! விட்பியில் உன் பிள்ளைகளை ஏற்ற மல்வேர்னில் இருந்து ஹைவேயால் வர வேண்டும், மாலை நெரிசலில் திரும்பிப் போக வேண்டும். நினைவு தப்பத் தொடங்கிய கிழவியிடம் உன் இரண்டு பிள்ளைகளையும் கொடுக்க உனக்குப் பயம் வரவில்லை. ஏன் வரவில்லை? ஏனென்றால் என் நினைவு தப்பவில்லை என்று உனக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நீதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையை நீ மறக்க விரும்புவாய். நான் விடமாட்டேன். என் மருமகள் துஷி நண்டுக் கறி வைத்திருந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டு மேலே போய்விட்டார்கள். நான் துஷியிடம், "பிள்ளை, எனக்கு ஒரு டொக்டரிட்ட நேரம் எடுத்துத் தா, மறதி வருத்தத்தைச் சோதிக்கிற டொக்டர்" என்று சொன்னேன். ஏன் மாமி என்று கேட்டாள். கார் கதையைச் சொன்னேன். அவள் சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தாள். நீ நண்டுக் காலை உடைத்துக்கொண்டு இருந்தாய்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

நீ தலை நிமிரவில்லை. "என்னத்தை?" என்றாய்.

"மாமி, உங்களுக்கு ஒரு மறதியும் இல்லை. இவர்தான் கான்சல் பண்ணினவர். உங்கட ஈமெயில் இவரின்ர ஐபேட்டிலயும் திறக்கும். பண்ணிப்போட்டு எனக்கும் சொன்னவர். உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் செய்தவர் எண்டு நான் நினைச்சன்."

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். முதலில் வந்தது நிம்மதி. என் மண்டை சரியாக இருக்கிறது என்ற நிம்மதி. பெற்ற மகன் பொய் சொன்னான் என்று கேட்டு ஒரு தாய் நிம்மதிப்பட்டாள் என்றால், அதற்கு முந்திய நாட்களில் அவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று யோசித்துப் பார். கோபம் அடுத்த மூச்சில் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

நீ அப்போது சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறேன். இடது பக்கம் ஓட்டுவது ஆபத்து என்றாய். ஒழுங்கைகள் ஒடுக்கம் என்றாய். இரண்டு வயதுபோன பொம்பிளைகள் தனியே என்றாய். எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது உனக்கு இன்றைக்குத்தான் ஆபத்தாகத் தெரிகிறது. உன் அப்பாவை வாரத்தில் மூன்று நாள் டயலிசிசுக்கு ஏற்றி இறக்கியது யார்? பனி கொட்டும் விடியற்காலையில், முன்னுக்குப் போகிற லொறியின் சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற மனிதரை வைத்துக்கொண்டு ஓட்டினேன். நீ வேலையில் இருந்தாய், உன்னில் பிழை சொல்லவில்லை. ஆனால் அந்த வருடங்களில் "அம்மா, கவனம், உங்களுக்கு வயதாகிவிட்டது" என்று ஒருநாளும் நீ சொன்னதில்லை. உன் பிள்ளைகளை நீச்சலுக்கும் வயலினுக்கும் ஏற்றும்போதும் சொன்னதில்லை. மற்றவர்களுக்காக ஓட்டினால் நான் நல்ல சாரதி. என் தங்கையை ஏற்றிக்கொண்டு ஊர் பார்க்கப் போனால் ஆபத்தான கிழவி. இதில் என்ன நியாயம் என்று நீயே சொல்.

பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அடுத்துக் கேட்டாய். துஷிக்கு அந்த வாரம் வேலை அதிகம் என்றாய். அவளுக்கு முன்னாலேயே சொன்னாய்! "நான் அந்தக் கிழமை லீவு எடுத்திட்டன் எண்டு உங்களுக்குச் சொன்னனானே. மாமி போறா எண்டுதான் எடுத்தனான்" என்று அவள் சொன்னபோது உன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கடைசியில் நீ அழுதாய். "அப்பா போன பிறகு எனக்கு நீங்கள் மட்டும்தான் அம்மா. உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்யிறது? ஐ கான்ட் டூ தட் அகெய்ன்" என்றாய். அதை மட்டும் நான் நம்பினேன். உன் தலையைத் தடவினேன். ஆனால் தம்பி, அந்தப் பயம் உன்னுடையது. உன் பயத்தை நீ என்னிடம் வந்து பயம் என்றே சொல்லியிருந்தால் நான் உன்னோடு விடிய விடிய இருந்து கதைத்திருப்பேன். நீ அதை எடுத்து எனக்கு ஒரு வருத்தமாகத் தந்தாய். என் தலைக்குள் கொண்டுவந்து வைத்தாய்.

உனக்கு லைசன்ஸ் கிடைத்த புதிதில் நீ என் காரைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வேலியோடு மோதினாய். உன் அப்பா சாவியைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்தார், இனி இருபத்தைந்து வயதுக்குப் பிறகுதான் என்றார். அடுத்த நாள் நான் அதை எடுத்து உன் கையில் தந்து, பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தேன். பயம் இல்லாமலா இருந்தேன்? இல்லாத பிரேக்கை நான் வழி முழுக்க மிதித்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் ஒரு சொல் சொல்லவில்லை. பயந்தால் பக்கத்தில் ஏறி இருக்க வேண்டும், தம்பி. சாவியை ஒளிக்கக் கூடாது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி அவ்வளவுதான், உன் பிள்ளைகள் வளர்ந்து சாவி கேட்கும்போது உனக்கும் தேவைப்படும்.

அன்றைக்கு அந்த மேசையிலேயே நண்டுக் கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, உன் கண் முன்னால் திரும்பப் பதிவு செய்தேன். சின்னக் கார் முடிந்துவிட்டது. கியர் மாற்றத் தேவையில்லாததில் பெரிய கார் ஒன்றுதான் மிச்சம். என் பாதுகாப்புக்காக நீ செய்த வேலையின் பலன் அதுதான்: ஒடுங்கிய ஒழுங்கையில் ஓட்டுவதற்கு உன் அம்மாவுக்கு ஒரு கப்பலை வாங்கித் தந்தாய்.

இனி உரசலின் கதை. ஒக்ஸ்போர்டில் காரை எடுத்து முதலாவது சுற்றுவட்டத்துக்குள் போனதும் எந்த வழியால் வெளியே வருவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். சின்னம்மா மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, உந்தக் கடையை இப்ப மூண்டாந்தரம் பாக்கிறன்" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் என் தோள் இளகியது. வெளியே வந்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடியதும் இடது பக்கம்தானே, கொஞ்ச நேரத்தில் உடம்புக்கு அது நினைவு வந்துவிட்டது. முதல் இரண்டு நாளும் சுகமாகப் போனது. மூன்றாம் நாள் காலை, சின்னம்மா கேட்ட அந்த ஊருக்குப் போகிற வழியில், இரண்டு பக்கமும் ஆளுயர வேலி அடைத்த ஒழுங்கை ஒன்றுக்குள் எதிரே ஒரு டிராக்டர் வந்தது. அதற்குப் பின்வாங்க இடமில்லை, பின்னால் பெரிய இழுவைப் பெட்டி பூட்டியிருந்தது. நான்தான் பின்னால் போக வேண்டும். போனேன். ஓர் அங்குலம், ஓர் அங்குலமாகப் போனேன். கண்ணாடி வேலியில் உரசிக் கிறீச்சிட்டது. ஓட்டி வந்த பெடியன் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். கடைசியில் ஒரு வயல் வாசல் வந்தது. அதற்குள் பின்புறத்தைச் செருகினேன். அவன் கையைக் காட்டிவிட்டுப் போனான். காரை நிற்பாட்டினேன்.

அங்கேதான் சின்னம்மா சொன்னாள். என்னைப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய அனுமதியோடுதான் இதை உனக்கு எழுதுகிறேன். அவள் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் லண்டனில் இருக்கவில்லை. உன் சித்தப்பாவுக்கு அந்த எல்லை ஊரில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. அங்கே அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஒன்பதாம் மாதம், உயிர் இல்லாமல். பிள்ளையை அவளுக்குக் காட்டவில்லை. அடக்கத்தை உன் சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எல்லாம் முடிஞ்சுது, இனி உதைப் பற்றிக் கதைக்கப்பிடாது எண்டு சொன்னார். அவரும் கதைக்கேல்லை, சாகும் மட்டும் கதைக்கேல்லை. என்ர பெடியளுக்கும் தெரியாது. அந்த நேரம் ஊரில ஷெல் விழுந்துகொண்டிருந்தது அக்கா. உங்களுக்கு இதை எழுதி என்னத்துக்கு எண்டு நான் விட்டிட்டன்." உன் சித்தப்பா இறந்த பிறகு அவளே அந்த ஊர் மயானத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டிருக்கிறாள். இடத்தைச் சொன்னார்கள். "தனியப் போகப் பயமாக் கிடந்தது. பெடியளோட போக ஏலாது. உன்னோடதான் போக வேணும் எண்டு நினைச்சன்."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது எனக்கு அந்த ரெலிபோன் பேசாமை விளங்கியது. நான் ஓட்டமாட்டேன் என்று சொன்னபோது அவள் எதை விட்டுக்கொடுத்துக்கொண்டு "பரவாயில்லை அக்கா" என்றாள் என்று விளங்கியது. உனக்கு இது ஒன்றும் தெரியாது, தெரிந்தால் செய்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்வது அதைத்தான். உனக்குத் தெரியாது. வயதுபோன இரண்டு பேர் ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்றால், அவர்களுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எல்லா நேரமும் தெரிந்திருக்கத் தேவையில்லை. செம்மறியாடும் சேறும்தான் என்று நினைத்து ஒரு பொத்தானை அமர்த்திவிட்டாய்.

மயானம் ஒரு சரிவில் இருந்தது. குழந்தைகளின் பகுதி ஒரு கல்மதிலுக்கு அருகில். தனித்தனி நினைவுக் கற்கள் இல்லை, பொதுவாக ஒரு கல், வெட்டிய புல். சின்னம்மா கோயிலுக்குப் போவதுபோல் சேலை கட்டி, அதற்கு மேல் கோட்டுப் போட்டிருந்தாள். முழங்கால் வலியோடு ஈரப் புல்லில் அமர்ந்துவிட்டாள். நான் எழுப்பப் போகவில்லை. அவள் நிலத்தில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா வரப் பிந்திப்போச்சு" என்றாள். அதற்குப் பிறகு நிறையக் கதைத்தாள். அதெல்லாம் அவளுக்கும் பிள்ளைக்கும் உரியது. நான் தள்ளிப் போய் மதிலடியில் நின்றேன். திரும்பி வரும்போது அவள் பசிக்கிறது என்றாள். ஒரு கடையில் சூப்பும் பாணும் வாங்கிச் சாப்பிட்டாள், என்னுடையதிலும் பாதியைச் சாப்பிட்டாள். பின்னேரம் இரண்டு பேரும் வயலுக்குக் குறுக்கே போகிற ஒற்றையடிப் பாதையால் நடந்தோம். அவள் எனக்கு முன்னால் நடந்தாள். இனி அவளுடைய பெடியளுக்கு அவளே சொல்லப் போகிறாளாம்.

தம்பி, விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்து, "சொறி அம்மா, புக்கிங்கைக் கான்சல் பண்ணினது பிழைதான்" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ மன்னிப்பு என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாய். அந்தக் கார் போனால் இன்னொரு கார். அதற்கு எனக்கு மன்னிப்பு வேண்டாம். நான் பயந்து உன்னிடம் வந்தபோது உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு "வயசு போகப் போக அப்பிடித்தான்" என்றாயே, அதற்கு நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாவிட்டால் என் நெஞ்சு ஒரு தரம் நின்று போகிறது. அந்தப் பயத்தை நீ வைத்தாய், நீதான் எடுக்க வேண்டும். நான் வந்து இறங்கியதும், பிள்ளைகளுக்கு முன்னால் இல்லாவிட்டாலும் துஷிக்கு முன்னால், என் முகத்தைப் பார்த்து, "அம்மா, நீங்கள் மறக்கேல்லை. நான்தான் பொய் சொன்னனான்" என்று தமிழில் சொல். ஒரு தரம் போதும். அதற்குப் பிறகு என் பயத்தையும் உன் பயத்தையும் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கதைப்போம். எனக்கு உன்னில் அன்பு குறையவில்லை. கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சின்னம்மா எழும்பி வந்துவிட்டாள். இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து, என் தோளுக்கு மேலால் இதை வாசித்துவிட்டு, "பாவம் அக்கா பெடியன், கொஞ்சம் வெட்டிப்போட்டு அனுப்பு" என்கிறாள். வெட்டமாட்டேன். இன்றைக்கு எங்களுக்குத் திட்டம் ஒன்றும் இல்லை. இந்த வீட்டு வாசலில் இருந்து இடது பக்கம் போனால் வந்த வழி, சுலபமான வழி. வலது பக்கம் போனால் என்ன இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இந்த நாட்டில் வலது பக்கம் திரும்புவதுதான் கரைச்சல், எதிரே வருகிற வாகனமெல்லாம் போகும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். "எந்தப் பக்கமடி?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "வலது" என்கிறாள்.

அம்மா